கறுப்புத் திரையில் கை வைக்கும் முன்: அலுவலக டெலிபோன் சிஸ்டத்தை டெர்மினலில் பராமரிக்கப் புதிதாக வருபவருக்கு

அலுவலக டெலிபோன் சிஸ்டத்தை "இனிமேல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒப்படைக்கும்போது பெரும்பாலும் கையில் கிடைப்பது மூன்று: ஒரு லாகின், ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் பட்டியல், சர்வர் ரூம் சாவி. பட்டியலில் பாதி தப்பாக இருக்கும். சாவி வேலை செய்யும். லாகினைப் போட்டு உள்ளே போனால் படமோ பட்டனோ இல்லாத கறுப்புத் திரை. கீழே "கமாண்ட்:" என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் மினுக்கும் கர்சர். அவ்வளவுதான்.

இந்தத் திரையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு, பயமே இல்லாமல் தட்டுகிறவர்களும் உண்டு. இரண்டாவது ரகத்தால்தான் எனக்கு வேலை அதிகம். இங்கே நீங்கள் போடும் மாற்றம் அடுத்த நொடியே நடைமுறைக்கு வந்துவிடும். ஆனால் சேமிக்கும்வரை அது நினைவகத்தில் மட்டுமே இருக்கும். இந்த இரண்டு குணத்தையும் மனதில் வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

உதாரணங்களை அவாயா சிஸ்டத்திலிருந்து எடுத்திருக்கிறேன். 1984-இல் ஏ.டி. அண்ட் டி. கொண்டுவந்த சிஸ்டம் 75, 1989-இல் வந்த டெஃபினிட்டி, 1996-இல் பிரிந்த லூசென்ட், 2000-இல் அதிலிருந்தும் பிரிந்த அவாயா என்று பெயர்ப்பலகை மாறிக்கொண்டே வந்தது. கட்டளைத் திரை மட்டும் பெரிதாக மாறவில்லை. டெஃபினிட்டியில் பழகியவரை அவாயாவின் இன்றைய மென்பொருளான கம்யூனிகேஷன் மேனேஜர் முன் உட்காரவைத்தால் ஐந்து நிமிடத்தில் கை தானாக ஓடும். இந்தத் திரைக்கு எஸ்.ஏ.டி. (சிஸ்டம் அக்சஸ் டெர்மினல்) என்று பெயர். பேச்சில் எல்லோரும் "சாட்" என்றுதான் சொல்வார்கள்.

ஒரு விஷயம்: கட்டளைகளைத் தட்டுவது ஆங்கில எழுத்தில்தான். இங்கே படிக்க வசதியாக அவற்றின் ஒலியைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

உள்ளே போவது

பழைய கேபினெட் வகை என்றால் சீரியல் கேபிள். லேப்டாப்பில் டெர்மினல் மென்பொருளைத் திறந்து வேகத்தைப் பெரும்பாலும் 9600 என்று வைப்பீர்கள். திரையில் குப்பை எழுத்துகளாகக் கொட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேகத்தையும் பாரிட்டி என்ற பிழைச் சரிபார்ப்பு அமைப்பையும்தான்.

சர்வர் வகை என்றால் பின்புறம் 'சர்வீசஸ்' என்று ஒரு நெட்வொர்க் போர்ட் இருக்கும். லேப்டாப்புக்கு 192.11.13.5 என்ற முகவரியும் 255.255.255.252 என்ற மாஸ்க்கும் கொடுத்து, 192.11.13.6-க்கு இணைந்தால் சர்வர் பதில் சொல்லும். நெட்வொர்க் வழியாக வருவதென்றால் எஸ்.எஸ்.எச். மூலம் 5022-ஆம் போர்ட். டெல்நெட் திறந்திருந்தால் 5023. டெல்நெட்டில் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகப் போகும், அதனால் முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

லாகின் ஆனதும் டெர்மினல் வகை கேட்கும். 513, 715, 4410, விடி220 என்று ஒரு வரிசை வரும். அடைப்புக்குள் 513 என்று முன்கூட்டியே போட்டிருப்பதைப் பார்த்து எல்லோரும் என்டரைத் தட்டிவிடுவார்கள். அப்புறம் "எஃப்3 வேலை செய்யவில்லை, சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது" என்று போன் வரும். சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் மென்பொருள் எந்த டெர்மினலாக நடிக்கிறதோ அந்தப் பெயரைத்தான் இங்கே கொடுக்க வேண்டும். புட்டி போன்ற மென்பொருளில் பொதுவாக விடி220 சரிப்படும்.

விடி220-இல் நான்கு பட்டன்களை முதல் நாளே விரலுக்குப் பழக்குங்கள். எஃப்1 ரத்து. எஃப்3 ஒப்படைப்பு, அதாவது படிவத்தை ஏற்றுக்கொள் என்பது. எஃப்7 அடுத்த பக்கம், எஃப்8 முந்தைய பக்கம். படிவத்தில் என்டரைத் தட்டினால் ஒப்படைப்பு ஆகாது என்பது புதியவர்களுக்குக் கொஞ்சம் குழப்பம் தரும். எந்தக் கட்டத்தில் என்ன போடலாம் என்று தெரியாவிட்டால் கர்சரை அங்கே வைத்து எஃப்5 தட்டுங்கள், ஏற்கக்கூடிய மதிப்புகளை அதுவே சொல்லும். இந்த உதவி வரி ரொம்ப நல்லது. கையேட்டைத் தேடி ஓடுவதற்கு முன் அதைக் கேளுங்கள்.

ஒரு வாரம் பார்வை மட்டும்

எல்லாக் கட்டளையும் ஒரே அச்சில் வார்த்தது: என்ன செய்ய வேண்டும், எதை, எந்த எண். 'டிஸ்ப்ளே ஸ்டேஷன் 4321' என்றால் 4321 என்ற எக்ஸ்டென்ஷனின் படிவத்தைக் காட்டு என்று அர்த்தம். முழுதாகத் தட்ட வேண்டாம். 'டிஸ்ப் ஸ்டா 4321' என்று சுருக்கினாலும் புரிந்துகொள்ளும், வேறு கட்டளையோடு குழம்பாத அளவுக்கு எழுத்து இருந்தால் போதும்.

லிஸ்ட், டிஸ்ப்ளே, ஸ்டேட்டஸ் ஆகிய மூன்றும் பார்ப்பதற்கு மட்டும். எதையும் மாற்றாது, எவ்வளவு வேண்டுமானாலும் தட்டலாம். சேஞ்ச், ஆட், ரிமூவ், பிஸியவுட், ரீசெட் இவையெல்லாம் வேறு சாதி. முதல் வாரம் முழுக்க முதல் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு படிவத்தைப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால்கூட டிஸ்ப்ளேதான். சேஞ்ச் போட்டுத் திறந்து, பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் எஃப்3 தட்டியவர்கள் நிறையப் பேர்.

முதலில் 'லிஸ்ட் ஸ்டேஷன்'. எல்லா எக்ஸ்டென்ஷனும் வரிசையாக வரும்: எண், போர்ட் (போன் ஒயர் சிஸ்டத்தில் சேரும் இடம்), பெயர், போன் வகை, சி.ஓ.ஆர். (யாரை அழைக்கலாம் என்ற உரிமை வகுப்பு), சி.ஓ.எஸ். (என்னென்ன வசதிகளைப் பயன்படுத்தலாம் என்ற வகுப்பு). கையில் கொடுத்த பழைய பட்டியலை இதோடு ஒப்பிடுங்கள். வேலையை விட்டுப்போன ஆட்கள், இடித்துத் தள்ளிய அறைகள், "டெஸ்ட் 2" என்று பெயரிட்ட மர்ம எண்கள் என்று எல்லாம் வெளியே வரும். எதையும் அழிக்க வேண்டாம், குறித்து மட்டும் வையுங்கள்.

அடுத்து 'லிஸ்ட் கான்ஃபிகரேஷன் ஆல்'. கேபினெட்டில் எந்தக் கார்டு எந்த இடத்தில் இருக்கிறது, அதில் எந்தப் போர்ட் காலி என்று இது காட்டும். யூ என்ற எழுத்து தெரிந்தால் அந்தப் போர்ட் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. போர்ட் முகவரியை வாசிக்கப் பழகுவது முக்கியம். 01ஏ0504 என்றால் 01-ஆம் கேபினெட், ஏ தட்டு, 05-ஆம் ஸ்லாட், 04-ஆம் சர்க்யூட். கேபினெட்டுக்குப் பதில் கேட்வே என்ற சிறு பெட்டி இருக்கும் வகையில் 001வி203 என்பது போல இருக்கும்: முதல் கேட்வே, இரண்டாம் ஸ்லாட், மூன்றாம் போர்ட். ஐ.பி. போன் என்றால் எஸ் என்று தொடங்கும் ஒரு எண்ணை சிஸ்டமே போட்டுக்கொள்ளும். போர்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எக்ஸ் இருந்தால், எண் இருக்கிறது, ஒயர் இல்லை என்று பொருள்.

ஒரு ஸ்டேஷன் படிவத்தை நிதானமாகப் பாருங்கள். முதல் பக்கத்தில் வகை, போர்ட், பெயர், கவரேஜ் பாத், சி.ஓ.ஆர்., சி.ஓ.எஸ். எடுக்காத அழைப்பு எங்கே போக வேண்டும் என்பது கவரேஜ் பாத்தில். பின்பக்கங்களில் போனில் உள்ள ஒவ்வொரு பட்டனுக்கும் என்ன வேலை என்று இருக்கும். வகை என்ற கட்டத்தில் சாதாரண அனலாக் போனுக்கெல்லாம், எந்தக் கம்பெனி போனாக இருந்தாலும், 2500 என்று போட்டிருப்பதைக் காண்பீர்கள். 1968-இல் வந்த, நட்சத்திரமும் ஹாஷும் சேர்ந்த பன்னிரண்டு பட்டன் போனின் மாடல் எண் அது. அந்தப் போன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. எண் மட்டும் படிவத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பழையதை எழுதிவைத்துவிட்டு மாற்றுங்கள்

இந்தத் திரையில் 'அன்டூ' கிடையாது. அதனால் சேஞ்ச் கட்டளைக்கு முன் டிஸ்ப்ளே போட்டு, படிவத்தின் எல்லாப் பக்கத்தையும் ஒரு கோப்பில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினல் மென்பொருளில் லாக் எடுக்கும் வசதியை நிரந்தரமாகவே போட்டுவிடலாம். நான் அதோடு ஒரு நோட்டும் வைத்திருப்பேன். தேதி, எண், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, யார் கேட்டது. கடைசியில் சொன்னதை எழுதாதவர்கள் மூன்று மாதம் கழித்து "என் போனில் அந்தப் பட்டனை யார் எடுத்தது?" என்ற கேள்விக்கு விழிப்பார்கள்.

தினசரி வேலையில் பாதி இடமாற்றம்தான். 4321-உம் 4335-உம் மேசை மாறுகிறார்கள், எண்கள் அவரவரோடு போக வேண்டும். 4321 இப்போது 01ஏ0504-இல், 4335 இப்போது 01ஏ0511-இல். 'சேஞ்ச் ஸ்டேஷன் 4321' திறந்து போர்ட்டை 01ஏ0511 என்று மாற்றி எஃப்3 தட்டினால் சிஸ்டம் மறுக்கும், ஏனென்றால் அந்தப் போர்ட் இன்னும் 4335-இடம் இருக்கிறது. கை நிறையப் பாத்திரத்தோடு இரண்டை மாற்றிவைக்க முடியாது, ஒன்றை முதலில் கீழே வைக்க வேண்டும். அதற்குத்தான் எக்ஸ்.

4321-இன் போர்ட்டில் எக்ஸ் போட்டு எஃப்3. இப்போது 01ஏ0504 காலி. 4335-ஐத் திறந்து போர்ட்டில் 01ஏ0504, எஃப்3. இப்போது 01ஏ0511 காலி. மறுபடி 4321-ஐத் திறந்து 01ஏ0511, எஃப்3. ஒவ்வொரு முறையும் கட்டளை வெற்றிகரமாக முடிந்தது என்ற வரி கீழே வருகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த அடி. இரண்டு மேசையிலும் போன் மாடல் வேறு வேறு என்றால், போனையும் கையோடு எடுத்துப் போகிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எட்டுப் பட்டன் போனுக்கு எழுதிய படிவம் வேறு மாடலில் ஓடினால் பட்டன்கள் இடம் மாறி நிற்கும், அல்லது திரை இருளும்.

நடுவில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் மாற்றத்தை ஏற்காமல் போகலாம். இன்னொரு டெர்மினலில் வேறு ஒருவர் அதே பொருளைத் திறந்து வைத்திருந்தாலும் பிறகு முயற்சி செய்யச் சொல்லும். இரண்டுக்கும் மருந்து பொறுமைதான்.

புதிய எண் சேர்க்க 'ஆட் ஸ்டேஷன்' இருக்கிறது. ஆனால் வெறும் படிவத்தை முதலிலிருந்து நிரப்புவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அதே பிரிவில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரு எண்ணைப் பிடித்து 'டூப்ளிகேட் ஸ்டேஷன் 4321' என்று கொடுங்கள். புதிய எண், போர்ட், பெயர் போன்ற சிலவற்றை மட்டும் கேட்கும். சி.ஓ.ஆர்., கவரேஜ், பட்டன்கள் எல்லாம் அப்படியே நகலாகும். ஒரே மூச்சில் பல எண்களையும் போடலாம். நகல் எடுக்கும் எண்ணில் கோளாறு இருந்தால் அந்தக் கோளாறும் நகலாகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மேலாளர் போனை நகலெடுத்துப் பயிற்சியாளருக்குக் கொடுத்தால் மேலாளரின் வெளிநாட்டு அழைப்பு உரிமையும் கூடவே போய்விடும்.

எண்ணை நீக்குவது கொஞ்சம் முரண்டு பிடிக்கும் வேலை. 'ரிமூவ் ஸ்டேஷன்' தட்டினால், அந்த எண் ஏதாவது ஹன்ட் குரூப்பிலோ (ஓர் எண்ணுக்கு வரும் அழைப்பைப் பலரில் ஒருவருக்கு அனுப்பும் குழு) வேறொருவர் போனில் பட்டனாகவோ இருந்தால் நீக்க மறுக்கும். அதனால் முதலில் 'லிஸ்ட் யூசேஜ் எக்ஸ்டென்ஷன் 4321'. அந்த எண் சிஸ்டத்தில் எங்கெல்லாம் வேர் விட்டிருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கடைசியில் நீக்குங்கள்.

சி.ஓ.ஆர். என்ற பொதுக் கிணறு

ஒரு நாள் ஒருவர் வந்து, தன் போனிலிருந்து வெளியூருக்குப் பேச முடியவில்லை, அனுமதி வாங்கிவிட்டேன், திறந்துவிடுங்கள் என்றார். வேலைக்குப் புதிது நான். அவர் எண்ணின் சி.ஓ.ஆர். என்ன என்று பார்த்தேன், 5. 'சேஞ்ச் சி.ஓ.ஆர். 5' திறந்தேன். எஃப்.ஆர்.எல். என்ற கட்டத்தில் 1 இருந்தது. 0 முதல் 7 வரை போகும் அளவு அது, கூடக் கூட சுதந்திரம் அதிகம். 4 என்று மாற்றி எஃப்3. அவர் பேசிப் பார்த்துவிட்டு நன்றி சொல்லிப் போனார். எனக்கும் சந்தோஷம்.

அடுத்த மாத பில் வந்தபோதுதான் தெரிந்தது, சி.ஓ.ஆர். 5 அவருடைய சொத்து அல்ல. வாசலில் பார்வையாளர்களுக்காக வைத்திருந்த போன், சாப்பாட்டு அறைப் போன், காவலர் அறைப் போன் எல்லாமே 5-இல்தான். ஒரு ஆளுக்குத் திறந்த கதவு மொத்தக் கட்டடத்துக்கும் திறந்திருந்தது.

சி.ஓ.ஆர். என்பது ஒரு வகுப்பு. படிவத்தில் இருக்கும் எண் அந்த வகுப்பைச் சுட்டுகிறது. ஒருவருக்கு உரிமை கூட்ட வேண்டுமானால் அவரை வேறு வகுப்புக்கு மாற்றுங்கள், வகுப்பின் விதியைத் தொடாதீர்கள். 'லிஸ்ட் ஸ்டேஷன்' பட்டியலில் சி.ஓ.ஆர். நிரலை ஓட்டமாகப் பார்த்தாலே அந்த வகுப்பில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். நான் அன்றைக்கு அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. கவரேஜ் பாத், சி.ஓ.எஸ்., ஹன்ட் குரூப் எல்லாமே இப்படிப் பலர் நீர் எடுக்கும் கிணறுதான்.

இதோடு சேர்த்து ஒன்று. வெளியாட்கள் உங்கள் சிஸ்டத்துக்குள் புகுந்து உங்கள் செலவில் பேசுவது பழைய தொழில், இன்னும் ஓயவில்லை. மாற்றாத டீஃபால்ட் பாஸ்வேர்டு, திறந்து கிடக்கும் ரிமோட் அக்சஸ், வெளியிலிருந்து வந்த அழைப்பை வெளியிலேயே இன்னொரு எண்ணுக்கு மாற்றிவிடும் ட்ரங்க்-டு-ட்ரங்க் ட்ரான்ஸ்ஃபர், வாய்ஸ்மெயிலிலிருந்து வெளியே தாவும் வழி ஆகியவைதான் அவர்கள் தட்டிப் பார்க்கும் கதவுகள். பொறுப்பேற்ற முதல் மாதத்துக்குள் இவை நான்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள்.

"சார், டயல் டோன் வரலை"

போன் வந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். இடத்திலிருந்தே 'ஸ்டேட்டஸ் ஸ்டேஷன் 4321'. சர்வீஸ் ஸ்டேட் என்ற வரியைப் பாருங்கள். இன்-சர்வீஸ், ஆன்-ஹூக் என்றால் சிஸ்டத்தைப் பொறுத்தவரை போன் நலம். ஆஃப்-ஹூக் என்று காட்டி, அவரோ பேசவில்லை என்றால் ரிசீவர் சரியாக உட்காரவில்லை, அல்லது ஒயரில் ஷார்ட். அவுட்-ஆஃப்-சர்வீஸ் என்றால், டிஜிட்டல் போனாக இருந்தால், சிஸ்டத்துக்கும் போனுக்கும் தொடர்பே இல்லை. மேசைக்கு அடியில் கால் பட்டு ஒயர் கழன்றிருப்பது இதில் சகஜம். "சுவரில் இருக்கும் ஒயரை ஒருமுறை எடுத்துச் சொருகுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரையைப் புதுப்பித்தாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும். அனலாக் போனில் இந்த வசதி கிடையாது. ஒயர் கழன்று கிடந்தாலும் ஸ்டேட்டஸ் பெரும்பாலும் நன்றாக இருப்பதாகவே சொல்லும்.

தீரவில்லை என்றால் 'டெஸ்ட் ஸ்டேஷன் 4321'. ஒவ்வொரு சோதனைக்கும் பாஸ், ஃபெயில், அபார்ட் என்று முடிவு வரும். அபார்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம், சோதனையே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். அபார்ட் 1000 என்றால் போர்ட் அப்போது பேச்சில் இருந்திருக்கலாம். சற்றுப் பொறுத்து மறுபடி தட்டுங்கள். கடைசியில் 'லாங்' என்று சேர்த்தால் விரிவான சோதனை ஓடும். அது நடக்கும் பேச்சைத் துண்டிக்கக்கூடும் என்பதால் வேலை நேரத்தில் வேண்டாம்.

அடுத்தது 'பிஸியவுட் ஸ்டேஷன் 4321', உடனே 'ரிலீஸ் ஸ்டேஷன் 4321'. போனை சேவையிலிருந்து விலக்கி மறுபடி சேர்ப்பது, பவரை அணைத்துப் போடுவது போல. பிஸியவுட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ரிலீஸ் மறந்தால் அந்தப் போன் யாராவது வந்து எழுப்பும்வரை செத்துத்தான் கிடக்கும். 'டிஸ்ப்ளே எரர்ஸ்' திரையில் பிழை வகை 18 தெரிந்தால், இதைக் கெடுத்தது இயந்திரம் அல்ல, யாரோ கையால் பிஸியவுட் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் வீண் அலைச்சல் நிறைய மிச்சம்.

இத்தனையும் தாண்டி நின்றால்தான் எழுந்து போவது. நல்ல போன் ஒன்றை அந்த இடத்தில் சொருகிப் பாருங்கள். வேலை செய்தால் குற்றம் பழைய போனில். செய்யாவிட்டால் எம்.டி.எஃப்.-இல், அதாவது எல்லா ஒயரும் வந்து சேரும் பலகையில், ஜம்பர் என்ற இணைப்பு ஒயரைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் அதே கார்டில் காலிப் போர்ட் ஒன்றுக்கு மாற்றுங்கள். 24 போர்ட் கார்டில் ஒரு போர்ட் போனால் ஒரு ஆள்தான் புகார் சொல்வார். ஒரே கார்டைச் சேர்ந்த எட்டுப் பேர் வரிசையாகக் கூப்பிட்டால் போர்ட்டை நோண்டாமல் கார்டைப் பாருங்கள்.

வெளி அழைப்பு போகவில்லை என்ற புகாருக்கு வழி வேறு. 'ஸ்டேட்டஸ் ட்ரங்க் 1' போட்டால் அந்த ட்ரங்க் குரூப்பின், அதாவது வெளி லைன் தொகுப்பின், ஒவ்வொரு உறுப்பினரும் என்ன நிலையில் என்று வரும். ஓ.ஓ.எஸ். (அவுட் ஆஃப் சர்வீஸ்) என்பதோடு எஃப்.ஈ. என்று இருந்தால் அது மறுமுனையின் பக்கம், அதாவது லைன் கொடுத்த கம்பெனியின் பக்கம். என்.ஈ. என்றால் நம் பக்கம். சேவை நிறுவனத்தைக் கூப்பிடும்போது "லைன் வேலை செய்யலை" என்று சொன்னால் அவர்கள் உங்கள் சிஸ்டத்தைச் சரிபார்க்கச் சொல்வார்கள். "5 முதல் 12 வரை உறுப்பினர்கள் மறுமுனையில் அவுட் ஆஃப் சர்வீஸ்" என்று சொல்லுங்கள், பேச்சின் தொனியே மாறும்.

அழைப்பு போகிறது, ஆனால் தப்பான இடத்துக்குப் போகிறது என்றால் 'லிஸ்ட் ட்ரேஸ் ஸ்டேஷன் 4321'. இதைப் போட்டுவிட்டு அவரை டயல் செய்யச் சொல்லுங்கள். அழுத்திய இலக்கங்கள், எந்த ட்ரங்க், எந்த இடத்தில் மறுப்பு என்று நேரத்தோடு வரிவரியாக ஓடும். எனக்குப் பிடித்த கட்டளை இதுதான். பார்த்து முடித்ததும் எஃப்1 தட்டி நிறுத்துங்கள்.

காலையில் வந்ததும் 'டிஸ்ப்ளே அலார்ம்ஸ்' ஒருமுறை. மேஜர், மைனர், வார்னிங் என்று மூன்று தரம். வார்னிங்குகளில் பெரும்பாலானவை யாரோ போனைப் பிடுங்கி வைத்ததாகத்தான் இருக்கும். மேஜர் ஒன்று இருந்தால் காபியைத் தள்ளி வைத்துவிட்டு அதைப் பாருங்கள்.

சேமிப்பது

'சேவ் ட்ரான்ஸ்லேஷன்'. நீங்கள் இன்றைக்குச் செய்த அத்தனையும் இதுவரை நினைவகத்தில்தான் இருந்தது. போன்கள் புதிய மாற்றத்தோடு ஒழுங்காக வேலை செய்ததால் எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் இப்போது மின்சாரம் போய் சிஸ்டம் மறுபடி எழுந்தால், கடைசியாகச் சேமித்த நிலையைத்தான் படித்துக்கொண்டு எழும். இரவில் தானாகச் சேமிக்கும்படி பொதுவாக அமைத்திருப்பார்கள். அதை நம்பி மதியம் சேமிக்காமல் விடுவது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது. நான் ஐந்து மாற்றத்துக்கு ஒருமுறை சேமிப்பேன்.

தட்டிவிட்டுத் திரையை மூடாதீர்கள். முடிவில் சக்ஸஸ் என்றும் பிழை எண் 0 என்றும் வர வேண்டும். வேறு எண் வந்தால் சேமிப்பு நடக்கவில்லை. பழைய சிஸ்டங்களில் டேப்பிலும் ஃப்ளாஷ் கார்டிலும் எழுதும், அந்த டேப் தேய்ந்து போயிருந்தால் இங்கேதான் முதலில் தெரியும். கிளை அலுவலகத்தில் மாற்று சர்வர் இருந்தால் அதற்கும் பிரதி போக வேண்டும். அதோடு, சேமிப்பும் பேக்கப்பும் வேறு வேறு. சேமிப்பு அதே இயந்திரத்துக்குள், பேக்கப் அதற்கு வெளியே.

வேறு கம்பெனி சிஸ்டத்துக்குப் போனாலும் இதே கதைதான், வார்த்தைதான் மாறும். நார்டெல் மெரிடியனில் கட்டளைக்குப் பதில் எண்ணிட்ட ஓவர்லேக்கள், ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கான நிரல். எல்.டி. 20 போட்டால் விவரம் அச்சிடும், அது கேட்கக் கேட்க நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். எங்காவது சிக்கினால் நான்கு நட்சத்திரம் தட்டி வெளியே வரலாம். சேமிக்க எல்.டி. 43-க்குப் போய் ஈ.டி.டி. என்று கொடுக்க வேண்டும். அங்கேயும் அதை மறந்தவர்கள் பட்டியல் நீளம்.

ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஆர்வத்துக்காகக்கூடத் தட்ட வேண்டாம்: 'ரீசெட் சிஸ்டம்'. பின்னால் போடும் எண் கூடக் கூட அடி பலமாக விழும். மொத்த அலுவலகத்தின் பேச்சும் பாதியில் அறுந்துபோகக்கூடும். தேவைப்படும் நாள் வந்தால், பராமரிப்பு ஒப்பந்தக்காரர் மறுமுனையில் பேசிக்கொண்டிருக்கும்போது செய்யுங்கள்.

கிளம்பும் முன் 'லிஸ்ட் ஹிஸ்டரி' போட்டுப் பாருங்கள். இன்றைக்கு எந்த லாகின் எந்த நேரத்தில் எதை மாற்றியது என்று இருக்கும். உங்கள் நோட்டில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் செய்யாத மாற்றம் உங்கள் லாகினில் இருந்தால், பாஸ்வேர்டை எங்கோ யாரிடமோ விட்டிருக்கிறீர்கள். அப்புறம் 'லாகாஃப்'. ஜன்னலை அப்படியே மூடினால் போகாதா என்று கேட்பார்கள். லாகாஃப் தட்டும்போதுதான், பிஸியவுட்டில் ஏதாவது விட்டுப் போகிறீர்களா, அலார்ம் இருக்கிறதா என்று அது ஒருமுறை காட்டி, வெளியேறலாமா என்று கேட்கும். அந்த வரிசையில் பிஸியவுட் தெரிந்தால் வேண்டாம் என்பதற்கான 'என்' எழுத்தைத் தட்டித் திரும்பி வந்து, மதியம் யாருடைய போனை விலக்கி வைத்தோம் என்று நோட்டைப் புரட்டுங்கள்.